கழுவாத விமானம்

கண் பூத்துப்போகும் அளவுக்கு மாதக்கணக்கில் உட்கார்ந்து அண்ணி வண்ணம் தீட்டிய விமானத்தைப் பாப்பா ஒரே சொல்லில் கவிழ்த்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் இருந்த கணினியின் முன்னால் உட்கார்ந்து, திரையில் நின்ற விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். "பொம்மை மாதிரி இருக்கு, அண்ணி" என்றாள். தட்டில் மிச்சமிருந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டாள்.

பாப்பா என்றதும் தொட்டிலை நினைத்துக்கொள்ள வேண்டாம். நாற்பதைத் தாண்டியவள். அண்ணியின் கணவருக்குத் தங்கை, அந்த வீட்டின் கடைக்குட்டி. அதனால் பல்லெல்லாம் விழுந்தாலும் அவள் பாப்பாதான். வெளியே அவளுக்குக் கேப்டன் என்று பெயர். ஒற்றை என்ஜின் வைத்த சின்ன விமானத்தில் தபால் மூட்டை, மருந்துப் பெட்டி, சில நாள் பிரசவ வலி கண்ட பெண்கள் என்று ஏற்றிக்கொண்டு தீவுகளுக்குப் போய்வருவாள். சரளைக்கல் கொட்டிய ஓடுதளத்தில் இறக்குவாள். கையில் அத்தனை திறமை இருந்தும் வாயில் ஒரு பொய் வராது. புதுச் சட்டையில் நிற்கும் அண்ணனிடம் தொப்பை தெரிகிறது என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். அப்படிப்பட்டவள் பொம்மை என்றால் அது பொம்மைதான். அண்ணிக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது.

அண்ணிக்குப் பகலில் வேலை ஒரு பல் லேபில். உடைந்த பல்லுக்கும் விழுந்த பல்லுக்கும் பதிலாகப் பீங்கானில் பல் செய்கிற இடம். பக்கத்துப் பல்லோடு ஒட்டிப்போகும்படி புதுப் பல்லுக்கு நிறம் ஏற்றுவது அவள் பொறுப்பு. வெள்ளைப் பல் என்று உலகத்தில் ஒன்று கிடையாது என்பாள். ஈறு ஓரத்தில் மஞ்சள், நடுவில் பால், நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு நீலம். இந்த வேலையில் அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை. நல்ல பல்லைச் செய்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் அது நல்ல பல்லே இல்லை. காலமெல்லாம் ஊரார் வாயில் ஒளிந்துகொண்டிருந்த அவளுடைய கைக்கு, ஒரு தடவையாவது தன் பெயரோடு வெளியே வரவேண்டும் என்று ஆசை.

அந்த ஆசைக்குத்தான் விமானம் வந்து மாட்டியது. கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டருக்காக, ஆளுக்கொரு ஊரில் இருந்தபடி விமானங்களைச் செய்துதரும் ஒரு சிறு குழு இருந்தது. ஒருவர் உடம்பைச் செய்வார், ஒருவர் சத்தத்தைச் சேர்ப்பார், வண்ணம் தீட்டுகிறவர் அதற்குத் தோல் போர்த்துவார். பாப்பா ஓட்டும் ரகத்தை அடுத்துச் செய்யப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணி போய்ச் சேர்ந்தாள். பாப்பாதான் அறிமுகம் செய்தாள், "இவங்க எங்க அண்ணி" என்று. அன்று முதல் குழு முழுக்க அவளுக்கு அண்ணி என்றே பெயர் விழுந்தது. அப்பா வயதுத் தலைவர்கூட அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார். அந்தத் தலைவர் விமானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஆனால் பல்பு மாற்ற ஏணியில் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும்.

வேலை இப்படி. விமானத்தின் மேல்தோலைத் தையல்காரர் வெட்டிப்போட்ட துணி மாதிரித் துண்டு துண்டாகத் திரையில் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் ஆணி, மூட்டு, கீறல், அழுக்கு எல்லாவற்றையும் வரைய வேண்டும். கணினி அதை எடுத்து உடம்பில் தைத்துவிடும். நிறத்துக்கு ஒரு படம், எது எவ்வளவு மினுங்கும் என்பதற்கு இன்னொரு படம். கறுப்புக் கறை வெறும் கறுப்புதான். அது காய்ந்த கறுப்பா ஈரக் கறுப்பா என்பதை இரண்டாவது படம்தான் சொல்லும். அண்ணி ஒரு பழக்கம் வைத்திருந்தாள். வரையும்போது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று எல்லாக் கறைகளையும் முதலில் ஈரமாக மினுங்க விடுவாள். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகக் காயவைப்பாள். விடிந்தும் விடியாமலும் எழுந்து, லேபுக்குப் போகிறவரை சாப்பாட்டு மேசையில் இதே வேலை. அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார். வீட்டில் ஒருத்தி பறக்கிறாள், இன்னொருத்தி அதற்குப் பூச்சுப் பூசுகிறாள், நான் மட்டும் தரையிலேயே கிடக்கிறேன் என்று நடத்துநரிடம் பெருமையாக அலுத்துக்கொள்வார்.

அந்தக் குழுவுக்கு மாறாத வழக்கம் ஒன்று உண்டு. விமானத்தை வெளியிடுமுன், அதே ரகத்தை நிஜமாக ஓட்டுகிற ஒருவர் திரையில் அதைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஓடுதளத்தில் ஏறுவதற்கு முன் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. கேள்வி ஒன்றுதான்: இதைப் பறக்க எடுப்பீர்களா? அந்த ரகத்தை இன்னும் ஓட்டுகிறவர்கள் அரிது என்பதால் பாப்பாவையே கேட்டார்கள். பாப்பா அவர்களிடமும் தோளைக் குலுக்கிவிட்டுப் பொம்மை என்றே சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் இது விமானம் இல்லை, அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை என்றுவிட்டாள்.

தலைவர் அதைப் பிடித்துக்கொண்டார். குழுவில் இன்னொரு வண்ணக்காரன் இருந்தான். கார் விளம்பரப் படங்கள் செய்பவன். அவன் கை பட்டால் குப்பைத்தொட்டியும் மினுங்கும். அவனைப் பளபளா என்று கூப்பிடுவார்கள், அவனும் அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டான். அவனும் ஒரு தோல் போர்த்தட்டும் என்றார் தலைவர். இரண்டையும் கேப்டன் பார்க்கட்டும், எது யாருடையது என்று சொல்லக்கூடாது. அவர் எடுக்கிறேன் என்பது தீட்டியவர் பெயரோடு வெளிவரும், மற்றது அழிக்கப்படும். சோதனைக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கே தப்பு என்று தெரிந்தால் அல்லவா திருத்தலாம்? ஆணிகளை எண்ணிச் சரிபார்த்தாள். மூட்டுகளை அளந்து பார்த்தாள். எல்லாம் பொட்டுப் பிசகாமல் இருந்தன. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

விடை பல் வழியாக வந்தது. மேடையில் பேசுகிற ஒருவருக்கு அவள் செய்துகொடுத்த முன்பற்கள் இரண்டும் திரும்பி வந்துவிட்டன. அவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு இது என் வாயே இல்லை என்றாராம். பல் மருத்துவரும் நிறம் சரி, அளவு சரி, ஆனால் எதுவோ உறுத்துகிறது என்று சீட்டு எழுதியிருந்தார். அண்ணி இரண்டையும் இடுக்கியில் பிடித்து வெளிச்சத்தில் வைத்தாள். அவசரத்தில் ஒரு பல்லைச் செய்து, அதையே இடவலம் மாற்றி இன்னொன்றைச் செய்திருந்தாள். மனிதன் ஒரு பக்கம் அதிகம் மெல்லுகிறான், ஒரு பக்கம் அழுத்தித் தேய்க்கிறான். யாருடைய இரண்டு முன்பற்களும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருப்பதில்லை.

இடுக்கி கையிலேயே நின்றது. "அடி மடச்சி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கணினியைத் திறந்தாள். விமானத்துக்குத் தோல் தீட்டுகிற எல்லோரும் செய்கிற சுருக்குவழி ஒன்று உண்டு. விமானத்தின் இடது பாதியை மட்டும் வரைவார்கள். கணினி அதைத் திருப்பிப்போட்டு வலது பாதியாக்கிக்கொள்ளும். எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும் என்பதால் அவற்றை மட்டும் தனியாக வைப்பார்கள். அண்ணியும் எழுத்துகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள். அழுக்கை மறந்துவிட்டாள். விமானத்துக்குக் கதவு இடது பக்கம் மட்டும்தான். ஆனால் வலது பக்கத்திலும், கதவே இல்லாத வெறும் சுவருக்குக் கீழே, யாரோ ஏறி ஏறி இறங்கிய காலடித் தேய்மானம் அழகாக இருந்தது. புகைக்குழாய் வலது பக்கம் மட்டும். கரியோ இரண்டு பக்கமும் அப்பியிருந்தது. பாப்பாவின் கண் இதைப் பிடித்துவிட்டது, வாய்க்குத்தான் சொல்லத் தெரியவில்லை. அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகத் தீட்டப்போகிறேன் என்று தலைவரிடம் சொன்னாள். பழைய கணினிகளுக்கு மூச்சு வாங்கும், யாரும் செய்யாத வேலை, நாளும் கிட்ட வந்துவிட்டது என்று அவர் இழுத்தார். அவள் அசையவில்லை. கடைசியில் உங்கள் பாடு என்று விட்டுவிட்டார்.

பாப்பா விடுப்பில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு நாளாகப் பார்த்து, அண்ணி லேபுக்கு லீவு சொல்லிவிட்டு விமானக் கொட்டகைக்குப் போனாள். மெக்கானிக் கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தார். பக்கத்தில் சோப்பு நுரை ததும்பும் வாளி. அண்ணி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"கழுவாதீங்க" என்றாள்.

அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கக் கழுவவில்லை என்று திட்டு வாங்கியவர். கழுவாதே என்று ஒருவர் கெஞ்சுவதை முதன்முதலாகக் கேட்டார். கேப்டனின் அண்ணி என்று தெரிந்ததும் குழாயை மூடிவிட்டு, சாப்பாட்டு நேரம் வரைக்கும் விடுகிறேன் என்றார். அண்ணி கீழே ஒரு அட்டையை விரித்து விமானத்தின் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்துவிட்டாள். சரளைக்கல் தெறித்துத் தெறித்துச் சக்கரங்களுக்குப் பின்னால் வண்ணம் அம்மைத் தழும்பாகப் பெயர்ந்திருந்தது. கதவுப்பிடியைச் சுற்றி விரல் எண்ணெய். ஏறும் படிக்கட்டில் குதிகால் படும் மூலை மட்டும் தகரம் தெரியத் தேய்ந்திருந்தது. என்ஜினிலிருந்து வழிந்த எண்ணெய், மூக்கில் சுழலும் விசிறியின் காற்று முறுக்கித் தள்ளுவதால், நேராக ஓடாமல் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடியிருந்தது. இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து எந்த அறிவாளியும் கற்பனை செய்துவிட முடியாது என்று அண்ணி நினைத்தாள்.

அந்த எண்ணெய்க் கறையை விரலால் தொட்டுப் பார்த்தாள். காய்ந்து கருகியிருந்தது. மெக்கானிக் குனிந்து பார்த்து, அது எல்லா என்ஜினும் விடுகிற பழைய கறை, பயமில்லை என்றார். ஈரமாக இருந்தால் கதையே வேறு, அன்றைக்கு விமானம் நகராது. இறக்கையைத் தாங்கும் கம்பியில் உள்ளங்கை அகலத்துக்கு வண்ணம் மங்கியிருந்தது. அது என்ன என்று அண்ணி கேட்டாள். அது கேப்டன் கை என்றார் அவர். ஒவ்வொரு தடவையும் அங்கே ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஏறுவாராம். அண்ணி அந்த இடத்தை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடவே இருந்தும் பாப்பாவைப் பற்றி இது தனக்குத் தெரியாமல் போனதே என்று இருந்தது.

பிறகு தீட்டினாள். இடது பக்கம் ஒரு கதை, வலது பக்கம் இன்னொரு கதை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததும் தெரியவில்லை, கணவர் வேலைக்குக் கிளம்பிப் போனதும் தெரியவில்லை. கடைசி நாள் காலையில் ஈரமாக விட்டிருந்த கறைகளைப் பட்டியல் இல்லாமல் மனக்கணக்கிலேயே ஒவ்வொன்றாகக் காயவைத்தாள். அனுப்பிவிட்டு லேபுக்கு ஓடினாள்.

சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அதே சாப்பாட்டு மேசையில் நடந்தது. தலைவரும் பளபளாவும் மற்றவர்களும் அவரவர் வீட்டிலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டும் குரலைக் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். அண்ணி வாயைத் திறக்கக் கூடாது என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் சமையலறை வாசலில் ஒரு துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். கணவர் மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் யார் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் சுவரோரம் நின்றார்.

முதல் விமானம் வந்தது. பார்த்ததும் அண்ணிக்குத் தெரிந்துவிட்டது, பளபளாவினுடையது. பழசாகக் காட்டத்தான் முயன்றிருந்தான். ஆனால் அந்த அழுக்குக்கூடப் பாலீஷ் போட்டுக்கொண்டு வந்திருந்தது. பாப்பா ஒரு சுற்றுச் சுற்றினாள். எங்கும் நிற்கவில்லை.

"எடுக்கலாம்" என்றாள்.

அண்ணியின் கையில் துணி இறுகியது. இவ்வளவு லேசாகவா? பளபளா தொண்டையைச் செருமிக்கொள்வது ஒலிபெருக்கியில் கேட்டது.

இரண்டாவது விமானம் வந்தது. பாப்பா மூக்குப் பக்கத்திலிருந்து தொடங்கினாள். விசிறியைப் பார்த்தாள். நகர்ந்தாள். நின்றாள். திரும்ப மூக்குக்கு வந்தாள். நாற்காலியிலேயே முன்னால் குனிந்து, என்ஜினின் அடிப்பக்கத்தைத் திரையில் பெரிதாக்கினாள். அவள் முகம் மாறுவதை அண்ணி பார்த்தாள். வீட்டில் பார்த்திராத முகம் அது.

"இதை எடுக்க முடியாது" என்றாள் பாப்பா.

ஒலிபெருக்கியில் யாரோ மூச்சை விட்டார்கள். திரையில் அந்தக் கறை பளிச்சென்று மினுங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் காயவைத்தவள் அந்த ஒன்றைக் காயவைக்க மறந்திருந்தாள். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் செய்யும் தப்பு. மாதக்கணக்கில் பட்ட பாடு ஒரு துளி மினுக்கத்தில் போயிற்று. கண்ணில் நீர் முட்டியது. வாயைத் திறக்கக்கூடாது என்பதே அந்த நேரத்தில் வசதியாக இருந்தது.

ஏன் எடுக்க முடியாது என்று தலைவர் பொறுமையாகக் கேட்டார். பாப்பா மேசைமேல் இருந்த தன் போனை எடுத்து எண்ணைத் தேடி அழுத்திக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மெக்கானிக் எடுத்தார்.

"என்ஜினுக்கு அடியில எண்ணெய் கசியுது. பழைய கறைக்குப் பக்கத்துல இல்ல, அதே தடத்துல, ஆனா ஈரமா இருக்கு. நேத்து ராத்திரி நான் நிறுத்தும்போது இது இல்ல. யார் கடைசியா எண்ணெய் மூடியைத் தொட்டது? நாளைக்குக் காலைல ரெண்டு நோயாளி வராங்க, இதை வெச்சுக்கிட்டு நான்..."

அங்கே பேச்சு நின்றுவிட்டது.

பாப்பா திரையைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மேசையில் காலையில் சிந்திய ரொட்டித்தூளைப் பார்த்தாள். தான் இருப்பது கொட்டகையில் இல்லை, அண்ணனுடைய வீட்டில் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. போனில் மெக்கானிக் என்ன கேப்டன், என்ன கேப்டன் என்று கத்திக்கொண்டிருந்தார்.

முதலில் சிரித்தது அண்ணியின் கணவர். அடக்கி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்து ஒலிபெருக்கி முழுக்கச் சிரிப்பு. அது அடங்கியதும் பளபளா பேசினான். "என் விமானத்தை அவங்க எடுக்கலாம்னுதான் சொன்னாங்க. இதுக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டாங்க. என்னோடதை அழிச்சிருங்க" என்றான். அவனை மனதுக்குள் இத்தனை நாள் திட்டியதற்காக அண்ணி வெட்கப்பட்டாள். அவனிடம் ஒரு நல்ல மனசும் இருந்திருக்கிறது, பாலீஷ் போடாத மனசு.

பாப்பா நாற்காலியைத் திருப்பினாள். "அண்ணி, நீங்களா?"

அண்ணி தலையை மட்டும் ஆட்டினாள். இப்போது பேசலாம் என்று தலைவர் அனுமதி கொடுத்தார். பிறகு, அந்தக் கறையைக் காயவைக்க மறந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். பாப்பா எழுந்து இடம் கொடுத்தாள். அண்ணி உட்கார்ந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஈரத்தை மெல்ல மெல்ல மங்கவைத்தாள். கறை காய்ந்து, கருகி, பயமில்லாத பழைய கறையாக அடங்கியது. பாப்பா மறுபடி முதலிலிருந்து சுற்றிவந்தாள். இந்தத் தடவை அவசரமே இல்லை. வலது பக்கம் போய்க் கரியைப் பார்த்தாள், இடது பக்கம் வந்து படிக்கட்டைப் பார்த்தாள். இறக்கைக் கம்பியின் அருகே வந்ததும் அவளுடைய வலது கை தானாக எழுந்து, திரையின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டியது.

அவள் அதைக் கவனிக்கவில்லை. அண்ணி கவனித்தாள். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வாழ்க்கையில் இதற்கு மேல் ஒரு பரிசு வேண்டாம் என்று தோன்றியது.

"இப்ப எடுக்கலாம்" என்றாள் பாப்பா.

அன்று மாலையே தலைவர் வெளியீட்டுப் பக்கத்தை அனுப்பிவைத்தார். விமானம் கழுவப்படாமல் நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழே, வண்ணம்: அண்ணி. கணவர் அதைப் போனில் படம் பிடித்து, தன் டிப்போவில் இருந்த அத்தனை ஓட்டுநர்களுக்கும் அனுப்பினார். அண்ணி அந்த இரண்டு சொற்களையும் போதும் போதும் என்கிறவரை பார்த்தாள், போதவே இல்லை.

பாப்பா வாசலில் உட்கார்ந்து மறுநாளைக்கு ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, நாளைக்கு ஒரு சீட் காலி, வாங்க என்றாள். இத்தனை வருஷத்தில் அண்ணி ஒரு தடவைகூட அந்த விமானத்தில் ஏறியதில்லை. பயம் என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

"வரேன்" என்றாள் அண்ணி.

பாப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏறும்போது காலை எங்க வைக்கணும்னு தெரியுமா?"

"ஏன் தெரியாது? அந்த மூலையில பெயின்ட்டைத் தேச்சது நான்தானே."